ஐந்து தட்டு வலி அலமாரி: சுங்கை சிப்புட் கடை ஒன்றில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகையைப் பார்த்து யாரும் வருவதில்லை. சுக்கு, வசம்பு வாசனையே வழி காட்டிவிடும். முன்பக்கம் மளிகை, பின்பக்கம் நாட்டு மருந்து, இரண்டுக்கும் நடுவில் ஐந்து தட்டு அலமாரி ஒன்று. முட்டிவலி, இடுப்புவலி, கைகால் மதமதப்பு என்று வருகிறவர்களுக்காகவே வைத்தது. ரப்பர் பால்வெட்டு, செம்பனைக் குலை அறுப்பு, புல்லுமருந்து அடிப்பு என்று முப்பது நாற்பது வருடம் குனிந்து நிமிர்ந்தவர்கள் வாழும் வட்டாரம் என்பதால் ஞாயிறு காலையில் அந்த அலமாரிக்கு முன்னால் நிற்க இடம் கிடைக்காது. இங்கே பார்ப்பது அந்த அலமாரியையும், அதற்கு எதிரே இருக்கும் மளிகைச் சாமானையும்.

முதலில் கடைக்காரருக்கு ஒரு மதிப்பெண் போட்டுவிடலாம். "எங்கம்மா வலிக்குது" என்று கேட்டதோடு நிற்காமல் "எப்ப வலிக்குது, காலையிலயா ராத்திரியிலயா" என்றும் கேட்கிறார். பாதி வைத்தியம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் மூட்டு விறைத்து, அரை மணி நேரத்துக்குள் இளகி, மாலையில் நடக்க நடக்க வலி கூடினால் அது பெரும்பாலும் தேய்மானம். இரண்டு கை விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கி, விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குக் கடையில் மருந்து கிடையாது, தள்ளிப்போடத் தள்ளிப்போட மூட்டு அரித்துப்போகும். நடுராத்திரியில் கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போனால் யூரிக் அமிலம். இரண்டு பாதமும் காலுறை போட்ட அளவுக்கு எரிந்து, ஊசி குத்தி, படுத்தால் அதிகமானால் நரம்பு. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களிடம் இதுதான் அதிகம். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மரத்துப்போய்க் கையை உதறத் தோன்றினால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். வருடக்கணக்கில் கத்தி பிடித்த கைகளில் இது சகஜம். இந்த ஐந்துக்கும் ஒரே புட்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் விலை கூடியவை இருக்கின்றன. குளுக்கோசமைன் புட்டிகள் முன்வரிசை. வழக்கமான அளவு நாளுக்கு 1500 மில்லிகிராம். முழங்கால் தேய்மானத்துக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் அமைப்பு 2019 வழிகாட்டியில் அழுத்தமாகவே சொல்லிவிட்டது. வெறும் மாவு மாத்திரையைவிட இது பெரிதாக எதையும் செய்வதாகத் தெரியவில்லை. இறால், நண்டு ஓட்டிலிருந்து செய்வதால் அவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது; இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தத் தடுப்பு இன்னும் கூடும். புட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

பக்கத்தில் பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்த நரம்பு மாத்திரை. இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது சிலருக்கு உண்மையிலேயே தேவை. இனிப்புநீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. சைவமும் சேர்ந்தால் பற்றாக்குறை சீக்கிரம் வரும், இட்லி தோசையில் பி12 கிடையாது. அதனால் வரும் கால் எரிச்சலை இனிப்புநீரின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருந்தால், காலப்போக்கில் நரம்பு திரும்பவே முடியாத அளவுக்குக் கெடும். ஆனால் இந்த மாத்திரைகள் சிலவற்றில் பி6 மட்டும் 200 மில்லிகிராம் இருக்கிறது. பி6 நெடுநாள் மிஞ்சினால் அதுவே கால் மரப்பை உண்டாக்கும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கான உச்ச வரம்பு நாளுக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 12-ஆகவே இறக்கிவிட்டது. மதமதப்புக்கு மாத்திரை, மாத்திரையால் மதமதப்பு, அதற்கு இன்னும் ஒரு மாத்திரை என்று சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையின் பின்பக்கம் பிரிடாக்சின் (பி6-இன் இன்னொரு பெயர்) என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பி12 குறைவு என்று இரத்தப் பரிசோதனை சொன்னால் பி12 மட்டும் உள்ளதைக் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). மெட்ஃபார்மின் எத்தனை வருடமாக ஓடுகிறது என்பதை வாய்திறந்து சொன்னால் டாக்டர் பார்ப்பார்.

மீனெண்ணெய்க்கு ஒரு கணக்கு உண்டு. முடக்குவாத வலிக்குப் பலன் தெரிந்த ஆய்வுகளில் கொடுத்தது இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 3 கிராம். 1000 மில்லிகிராம் என்று பெரிதாக எழுதிய சாதாரண உருண்டையில் இவை இரண்டும் சேர்ந்து 300-தான். மிச்சம் வெறும் எண்ணெய். அப்படியானால் நாளுக்குப் பத்து, அதுவும் இரண்டு மூன்று மாதம். ஒன்று இரண்டு போட்டுவிட்டுப் பலனில்லை என்பது உருண்டையின் குற்றமல்ல, கணக்கின் குற்றம். அடர்த்தி கூடிய வகை வேண்டும் என்றால் மருந்தகத்துக்குப் போக வேண்டும், இங்கே இல்லை.

இரண்டாம் தட்டு மூலிகைப் பொடிகள். முடக்கத்தான் பொடி, முடக்கத்தான் தோசை மாவு இரண்டும் நன்றாக ஓடுகின்றன. தோசை மாவு வேண்டாம். பாக்கெட்டில் சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி; முடக்கத்தான் கடைசியில் நின்றால் நீங்கள் வாங்குவது பச்சை நிற அரிசி மாவு. கடைக்காரரே அள்ளிக் கட்டிவைத்த பொடியில் தேதி இல்லை, இது ஒரு குறை. மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கட்டி பிடித்திருந்தால் பூஞ்சை வந்திருக்கும், சலித்தெடுத்தாலும் உதவாது.

இலை கிடைத்தால் அதற்கு ஈடில்லை. பலூன் மாதிரி மூன்று பட்டைக் காய், உள்ளே கறுப்பு விதை, விதையில் வெள்ளை இதயக் குறி: இதைப் பார்த்துக் கொடியை அடையாளம் கண்டுகொள்ளலாம். செம்பனை ஓரத்தில் பறிக்காதீர்கள், புல்லுமருந்து அடித்திருப்பார்கள். இளம் இலையைக் காம்பு நீக்கி இரண்டு கைப்பிடி எடுத்து, அரைத்த உடனே நான்கு பேருக்கான புளித்த தோசை மாவில் கலந்து சுடுங்கள். முதல் நாளே கலந்து வைத்தால் மாவு கறுத்துக் கசப்பு ஏறும். முற்றிய தண்டைச் சேர்த்தால் நார் தட்டும். அளவு மிஞ்சினால் வயிறு இளகும். வாரம் இரண்டு முறை போதும். மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த சான்று இதற்கு இல்லை. நல்ல கீரை என்ற அளவில் சாப்பிடலாம், கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பிடக்கூடாது. மஞ்சளுக்கும் இதே பேச்சுதான். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளில் குர்குமின் என்ற அதன் சத்து 100 மில்லிகிராம் கூடத் தேறாது, ஆய்வுகளில் கொடுத்த அளவு 1000-ஐ ஒட்டியது. குழம்பில் போடுங்கள், ருசிக்கு. மிளகுச் சத்து சேர்த்து அடைத்த மஞ்சள் கேப்ஸ்யூல்களால் கல்லீரல் கெட்ட நோயாளிகள் உண்டு.

மேல் தட்டில் தைலங்கள். தேய்த்தால் சுகம், அந்தச் சுகம் உண்மைதான். வின்டர்கிரீன் எண்ணெய் வாடை அடிப்பவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கும். வார்ஃபரின்காரர்கள் உடம்பு முழுக்கத் தேய்க்கக்கூடாது. தைலம் போட்ட இடத்தில் துணி இறுக்கிக் கட்டி அதன்மேல் சுடுதண்ணீர்ப் பை வைத்தால் தோல் வெந்துவிடும். உணர்ச்சி குறைந்த பாதத்தை வெந்நீரில் ஊறவைப்பதுதான் இதைவிட மோசம்: சூடு தெரியாது, கொப்புளம் மட்டும் தெரியும். வேறொருவர் முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கட்டும்.

எல்லாப் புட்டியிலும் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து இருக்க வேண்டும்; பக்கத்தில் ஹோலோகிராம் ஒட்டு. கடைசி எழுத்து டி (T) என்றால் பாரம்பரிய மருந்து, என் (N) என்றால் சத்து மாத்திரை, எக்ஸ் (X) என்றால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கும் மருந்து. ஏ (A) என்றால் மளிகைக் கடை அதை விற்கவே கூடாது. அந்த எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ-வின் (NPRA) இணையத் தளத்தில் தட்டினால் பெயர் ஒத்துப்போகிறதா என்று தெரியும். இந்த அலமாரியில் எண்ணில்லாத புட்டி எதுவும் கண்ணில் படவில்லை, அது பெரிய விஷயம். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும், தோட்டத்துக்குள் வரும் வேனிலும் நிலைமை வேறு. எழுத்தே இல்லாத கேப்ஸ்யூல், கறுப்பு உருண்டை, ஜாமு பொட்டலம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். டெக்சாமெதாசோன் என்ற ஸ்டெராய்டைக் கலந்து விற்பது இங்கே திரும்பத் திரும்பப் பிடிபடும் மோசடி. பசி எடுக்கும், முகம் நிலா மாதிரி உப்பும், இனிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு உள்ளுக்குள்ளே கரையும். அதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு. பல வாரம் சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் தூக்கி எறிந்தால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்திருக்கும்; வாந்தி, தலைசுற்றல், மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சப் பொட்டலத்தோடு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அவர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

அலமாரியில் சிறந்த பொருள் அடித்தட்டில், தூசு படிந்து கிடக்கிறது: ரப்பர் முனை வைத்த ஊன்றுகோல். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராகப் பிடி வர வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கை. பெரும்பாலோர் மாற்றிப் பிடிக்கிறார்கள், பலனில்லை என்று முன்பு ஊன்றி நடந்த குடைக்கே திரும்பிவிடுகிறார்கள். முனை ரப்பர் தேய்ந்தால் ஈரத் தரையில் வழுக்கும், அதைத் தனியாகவும் விற்கிறார். பக்கத்தில் மணிக்கட்டுப் பட்டையும் இருக்கிறது. விரல் மரப்புக்கு ராத்திரி மட்டும் மணிக்கட்டை நேராக நிறுத்திக் கட்டிப் படுங்கள், ஆறு வாரம் பாருங்கள்.

இனி எதிர்ப்பக்க மளிகை. கெம்போங் மீன், டப்பா சார்டின் வாரம் இரண்டு முறை. டப்பா என்றால் தக்காளிச் சாற்றை வடித்துவிடுங்கள், உப்பும் சர்க்கரையும் அதில்தான். ஆனால் யூரிக் அமிலக்காரர்களுக்கு இதே சார்டினும் ஈக்கான் பிலிஸ் என்ற நெத்திலியும் எதிரி. பீர், கள்ளு, கலர்த் தண்ணி மூன்றையும் அவர்கள் விட வேண்டும். அதற்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தத்தில் யூரிக் அமில இலக்கு லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே, கீரை பருப்பைப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. முட்டி தேய்ந்தவர்களுக்கு எடைதான் கணக்கு: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறைகிறது. தொடங்க வேண்டிய இடம் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரே தேநீர். கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங்குக்கு நாக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும். கேழ்வரகுக் கஞ்சி இனிப்புநீருக்கு நல்லது என்று மூட்டையாக வாங்குகிறார்கள். மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அதுவும் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும். ஒரு கிண்ணத்தோடு நிறுத்தி, பக்கத்தில் அவித்த கடலையோ முட்டையோ வையுங்கள்.

உடற்பயிற்சிக்குக் கடையில் வாங்க ஒன்றுமில்லை, வீட்டு நாற்காலி போதும். கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்து முறை, காலையும் மாலையும். முட்டி வலித்தால் நாற்காலியின்மேல் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது கிளினிக் புத்தகத்தை எடுத்துப் போங்கள், கடைக்காரர் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். மூட்டு சூடாகச் சிவந்து கூடவே காய்ச்சல் இருந்தாலும், பாதத்தில் ஆறாத புண் இருந்தாலும், இடுப்புவலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போனாலும் அவர் எதையும் விற்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்.