ஆதித்திருச்சபையைப் படிக்க: நடபடிகளா, நிருபங்களா?

ஆதித்திருச்சபை, அதாவது முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவ சபை, தொடங்கிய விதத்தைப் படிக்கலாம் என்று எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் முடிவானபோது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதில் இரண்டு கருத்து வந்தது. சிலர், அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு எழுதிய கடிதங்களான நிருபங்கள் என்றார்கள். நான், சபையின் ஆரம்ப வரலாற்றைச் சொல்லும் புதிய ஏற்பாட்டுப் புத்தகமான அப்போஸ்தலர் நடபடிகள் என்றேன். கடைசியில் வாரம் இரண்டு அதிகாரமாக, 28 அதிகாரத்தையும் 14 வாரத்தில் முடித்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மத்தேயு 16-இல் தொடங்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். ‘சபை’ என்ற சொல் நான்கு சுவிசேஷங்களில் மத்தேயுவில் மட்டுமே வருகிறது. ஆனால் அங்கே இருப்பது, என் சபையைக் ‘கட்டுவேன்’ என்ற இயேசுவின் வாக்கு. கட்டப்பட்ட கதை நடபடிகளில் இருக்கிறது.

சீஷர்கள் கூடியிருந்த மேல்வீட்டறை, பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாள், 120 பேர் இருந்த இடத்தில் 3,000 பேர் சேர்ந்தது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். என்னை நடபடிகள் பக்கம் இழுத்தது 6 முதல் 11 வரையுள்ள அதிகாரங்கள்தான். கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் கவனிப்பு இல்லை என்று ஒரு முறுமுறுப்பு எழுகிறது. அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஸ்தேவான். அவரைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். உடனே துன்புறுத்தல் மூள, அப்போஸ்தலர் தவிர மற்றவர்கள் சிதறிப்போகிறார்கள். அந்த ஏழு பேரில் இன்னொருவரான பிலிப்பு சமாரியாவுக்குப் போகிறார். சிதறியவர்களில் சீப்புரு, சிரேனே ஊர்க்காரர்கள் சிலர் அந்தியோகியாவில் கிரேக்கரிடமே பேசத் துணிகிறார்கள். செய்தி கேட்டு எருசலேம் சபை பர்னபாவை அனுப்புகிறது. அவர் தர்சுவுக்குப் போய்ச் சவுலை, அதாவது பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவரை, தேடிக் கூட்டிவருகிறார். ஸ்தேவான் சாகும்போது, கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்கள் இதே சவுலின் காலடியில்தான் கிடந்தன! அந்தியோகியாவில்தான் சீஷர்களுக்குக் ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயர் முதல்முதல் வழங்கிற்று. சோற்றுப் பந்தியில் எழுந்த ஒரு மனக்குறை இவ்வளவு தூரம் போயிருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் இந்தத் தொடர்ச்சி நிருபங்களில் கிடைக்காது. அவை கேள்வி தெரிந்தவர்களுக்கு எழுதிய பதில்கள்.

கொரிந்து நிருபங்களுக்குக் காலம் கணிக்கவும் நடபடிகள் 18 கைகொடுக்கிறது. பவுல் கொரிந்தில் இருந்தபோது அவரை நிறுத்திய நியாயாசனத்தின் ரோம அதிபதி கல்லியோனை, டெல்பியில் கிடைத்த கல்வெட்டை வைத்து கி.பி. 51-52 வாக்கில் நிறுத்துகிறார்கள்.

நிருபங்களின் பலமும் பெரியதுதான். அவை நேரடிச் சாட்சி, காலத்தாலும் முந்தியவை. 1 தெசலோனிக்கேயர் ஏறக்குறைய கி.பி. 50-ஐச் சேர்ந்தது. அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததைப் பவுல் கலாத்தியர் 2-இல் மறைக்காமல் எழுதுகிறார். நடபடிகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கர்த்தருடைய பந்தியில் ஒருவர் பசித்திருக்க இன்னொருவர் குடித்து வெறித்திருந்ததும் 1 கொரிந்தியர் 11-ஆல்தான் நமக்குத் தெரியும். ஒரு சபைக்குள் அன்றாடம் என்ன நடந்தது என்று பார்க்க நிருபங்களுக்கு ஈடில்லை.

அதனால் நடபடிகள் 15 முடிந்த வாரமே கலாத்தியர் 2-ஐச் சத்தமாக வாசித்தோம். பவுல் அங்கே சொல்லும் எருசலேம் பயணம் நடபடிகள் 11-இல் வருவதா, 15-இல் வருவதா என்பதில் அறிஞர்களே ஒன்றுபடவில்லை. நான் 15 பக்கம் சாய்கிறேன். அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்குக் கிரேக்கம் தெரியாது. அப்புறம், எங்கள் குழுவில் எல்லோரும் பெரியவர்கள். வாலிபர் கூட்டத்தில் இந்த வரிசை எடுபடுமா என்பதை நான் செய்து பார்த்ததில்லை.