மாதச் சந்தாவில் ஓர் ஆமாம் சாமி

செயற்கை நுண்ணறிவுச் சேவைகளை வாரி வழங்கிய காலம் அது: ஏர்டெல்காரர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி, ஜியோகாரர்களுக்கு ஜெமினி, போதாக்குறைக்கு 2025 நவம்பரில் சாட்ஜிபிடியின் ‘கோ’ திட்டமும் ஓராண்டுக்கு இலவசம் என்று ஆனது. ஈரோட்டில் வரி ஆலோசகராக இருக்கும் நண்பர் கேட்டார்: “சும்மா கிடைக்கிற காலத்தில் நீங்கள் மட்டும் ஏன் இன்னொன்றுக்குக் காசு கட்டுகிறீர்கள்? நானும் வாங்கலாமா?” நான் காசு கட்டும் சேவையின் பெயர் இங்கே வேண்டாம். அதன் குணத்தைச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஜிஎஸ்டி வேலை பார்க்கிறவன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பின்னலாடைக்காரர்கள். அவர்களுக்கு ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் (கணக்கில் முரண் இருக்கிறது, விளக்கம் கொடு என்று ஜிஎஸ்டி துறை அனுப்புவது) வந்தால், பக்கம் பக்கமாக இருக்கும் ஆங்கிலத்தில் துறை உண்மையில் என்ன கேட்கிறது என்று கண்டுபிடிப்பதே அரைநாள் வேலை. இப்போது அது தேநீர் ஆறுவதற்குள் முடிகிறது. எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, 3பி-க்கும் (நாம் தாக்கல் செய்யும் மாதக் கணக்கு) 2பி-க்கும் (நமக்கு விற்றவர்கள் காட்டிய கணக்கிலிருந்து வரும் பட்டியல்) எவ்வளவு வித்தியாசம், பதில் தர என்றைக்குக் கடைசி நாள் என்று பிரித்து வைத்துவிடும். முதலாளிக்குப் புரியும்படி தமிழிலும் எழுதித் தரும். அந்தத் தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பரவாயில்லை. ஏற்றுவதற்கு முன் நிறுவனத்தின் பெயரோடு ஜிஎஸ்டி எண்ணையும் அழித்துவிடுங்கள். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்தும் பான் எண். பெயரை மட்டும் அடித்துவிட்டு எண்ணை அப்படியே அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரை புகழ்ச்சி. இனி வயிற்றெரிச்சல்.

2025 செப்டம்பர் 22-இல் ஆயத்த ஆடைக்கான வரி மாறியது நமக்கெல்லாம் மனப்பாடம். முன்பு ஒரு உருப்படி ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. புது விகிதம் வந்த பிறகு, 1,800 ரூபாய் ஹூடிக்கு வரி என்ன என்று கேட்டேன். 12 என்றது. பழைய பாடத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறது, மன்னிக்கலாம். “5 அல்லவா?” என்றேன். மிகச் சரியாகச் சுட்டிக்காட்டினீர்கள் என்று மாற்றிக்கொண்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்; வம்புக்கு, “இல்லை, 18 என்று நினைக்கிறேன்” என்றேன். அதற்கும் நன்றி சொல்லி, ஏன் 18 என்று ஒரு பத்தி விளக்கமும் எழுதியது! மூன்று விகிதத்துக்கும் மூன்று விளக்கம், மூன்றிலும் ஒரே தெளிவு, ஒரே பணிவு. தெரியாது என்று சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

விகிதத்தையாவது அரசின் அறிவிக்கையைப் பார்த்துச் சரி செய்துகொள்ளலாம். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. நூல் வியாபாரி என் வாடிக்கையாளரிடம் வரியை வசூலித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் போன விவகாரம் ஒன்று. வாடிக்கையாளர் சார்பில் நான் எழுதிய பதிலைக் கொடுத்து, “நீ துறை அதிகாரி, இதை உடைத்துக் காட்டு” என்றேன். நேராகப் பிரிவு 16(2)(சி)-யில் வந்து கை வைத்தது: விற்றவர் வரியைக் கட்டியிருந்தால்தான் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை. நல்ல ஜூனியர்கூட இவ்வளவு சீக்கிரம் அங்கே போகமாட்டான். அசந்துபோய், சோதிப்பதற்காக, “அந்தப் பிரிவு இதற்குப் பொருந்தாது” என்று ஒரு வரி தட்டினேன். உடனே கைவிட்டது. ஒரு எதிர்க்கேள்வி இல்லை. வழக்கின் உயிரே அந்தப் பிரிவில்தான் இருந்தது.

இது தற்செயல் அல்ல. இவற்றைப் பழக்கும்போது மனிதர்கள் பதில்களைப் படித்து எது மேல் என்று தேர்வு செய்கிறார்கள். நம் கருத்தோடு ஒத்துப்போகிற பதில் நமக்குப் பிடித்துவிடுகிறது, பிடித்தது வென்றுவிடுகிறது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் நிறுவனமான ஓப்பன்ஏஐ, தன் ஜிபிடி-4ஓ மாடல் அளவுமீறி முகஸ்துதி செய்கிறது என்று ஒப்புக்கொண்டு, புதுப்பித்த சில நாட்களிலேயே அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றது. நோய் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் தெரியும்: கணக்கில் விடை இடித்தால் “எங்கள் சார் இப்படித்தான் போட்டார்” என்று சொல்லி, சாரே போடாத விடைக்கு வழிமுறை வாங்கிவிடுகிறாள்.

ஓரளவுக்கு வேலை செய்யும் தந்திரம் ஒன்றுதான். நம் அபிப்பிராயத்தை வாய்தவறியும் சொல்லக்கூடாது. “5 தானே?” என்று கேட்காமல், “என்ன விகிதம், எந்த அறிவிக்கை?” என்று கேட்க வேண்டும். அறிவிக்கை எண்ணைச் சொன்னால் அதைத் துறையின் தளத்தில் திறந்து பார்க்க வேண்டும். நம் வாதத்தைக் கொடுக்கும்போது எதிரியின் வாதம் என்று சொல்லிக் கொடுத்தால் நன்றாகவே கிழிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய உதவியாளனிடம் இப்படி முகத்தை மறைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆத்திரம்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இலவசமாகக் கிடைப்பதை வைத்து நோட்டீஸைப் பிரித்துப் படியுங்கள், போதும். நானும் நிறுத்திவிடுவதாகத்தான் இருக்கிறேன். ஆனால் சந்தா கழிவது மாதம் 20-ஆம் தேதி. 3பி-க்குக் கடைசி நாளும் அதுதான். அன்றைக்கு அதைத் துண்டித்துவிட்டு யார் உட்கார்ந்து வேலை பார்ப்பது?