துணிப்பை முதல் எல்இடி வரை: வீட்டுக்கு எந்தப் பசுமைப் பொருள் கட்டுப்படியாகும்?

துணிப்பை நல்லது, பிளாஸ்டிக் பை கெட்டது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு இதையே கொஞ்சம் வேறு மாதிரி சொன்னது. பை தயாராவதில் தொடங்கி குப்பைக்குப் போகும் வரை புவி வெப்பமாதலில் அதன் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால், காகிதப் பையை 3 தடவை பயன்படுத்த வேண்டும். தடித்த பிளாஸ்டிக் பைக்கு 4 தடவை. பார்க்கத் துணி மாதிரியே இருக்கும், ஆனால் பிளாஸ்டிக்கான பாலிப்ரொப்பிலீன் பைக்கு 11. பருத்திப் பைக்கு 131. மெல்லிய பையைத் தூக்கி எறியாமல் குப்பைக்கூடைக்கு உறையாகப் போட்டால் பருத்திப் பையின் இலக்கு இன்னும் தள்ளிப்போகும்.

131 என்றதும் மலைக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை எடுத்துப் போனால் ஒன்றேகால் வருடத்தில் முடிந்துவிடும். தையல் நன்றாக இருந்தால் பை அதற்கு மேலும் உழைக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. துணிப்பை வைத்திருக்கும் வீட்டில் ஒன்றோடு நிற்பதில்லை, கதவுக்குப் பின்னால் ஏழெட்டு தொங்கும். இலவசமாகக் கிடைத்தது சில, வீட்டில் மறந்துவிட்டுப் போய்க் கடையில் வாங்கியது சில. ஒவ்வொன்றுக்கும் அந்த 131 தனித்தனி.

டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. பருவநிலையை மட்டும் பார்த்தால் பருத்திப் பைக்கு 52 தடவை போதும். ஓசோன் படலப் பாதிப்பு, தண்ணீர்ச் செலவு என்று எல்லா அளவுகோல்களிலும் ஈடாக வேண்டுமென்றால் 7,100. இயற்கை முறையில் விளைந்த பருத்தி என்றால் 20,000! இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ‘அப்போ பிளாஸ்டிக்கே மேல்’ என்று வாதாட வருபவர்கள் ஒன்றைச் சொல்ல மாட்டார்கள். காற்றில் பறந்து கால்வாயை அடைக்கும் பையை இந்த இரண்டு ஆய்வுகளுமே கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கணக்கில் துணியோடு பிளாஸ்டிக் போட்டி போடவே முடியாது.

என்னைக் கேட்டால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பைதான் முதலிடம், அது எதில் செய்திருந்தாலும் சரி. பழைய உடுப்பில் தைத்த பை அதற்கு அடுத்து. கட்டாயம் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் கனமான பொருளைத் தாங்கும் பாலிப்ரொப்பிலீன் பை. புத்தம்புது பருத்திப் பை எனக்குக் கடைசிதான். விலைக்கும் இதே வழியில் கணக்குப் போடலாம். வாங்கிய விலையை எத்தனை தடவை பயன்படுத்துவீர்கள் என்பதால் வகுத்துப் பாருங்கள், மலிவாகத் தெரிந்த பல பொருட்கள் மலிவில்லை என்று தெரியும்.

அந்த வகுத்தலில் சந்தேகமே இல்லாமல் ஜெயிப்பது எல்இடி விளக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் அளவில் தருகிறது. குண்டு பல்பின் ஆயுள் சுமார் 1,000 மணி நேரம், எல்இடிக்கு 15,000 அல்லது அதற்கும் மேல். அந்த முதல் 1,000 மணி நேரத்திலேயே 51 யூனிட் மின்சாரம் மிச்சம். இடைக்காலத்தில் வந்த சிஎஃப்எல் விளக்கில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. நன்றாக எரிகிறது என்றால் எரியட்டும். ஆனால் இனிமேல் போய் அதை வாங்கக் காரணம் எதுவும் இல்லை.

சுத்தம் செய்யும் திரவங்களில்தான் குழப்பம் அதிகம். கடையில் தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று வாங்கும் பாட்டில்களில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதற்கு மாற்றாக எல்லோரும் சொல்வது வினிகரும் சமையல் சோடாவும். இரண்டும் நல்லவைதான், தனித்தனியாக இருக்கும் வரை. கலந்தால் நுரை பொங்கும், பார்க்க வேலை நடப்பது மாதிரியே இருக்கும். ஆனால் அங்கே நடப்பது அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வது. கரியமில வாயு வெளியேறிய பிறகு மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அதைக் கொண்டு எதையும் தேய்த்துப் பயனில்லை.

குழாயிலும் கண்ணாடியிலும் படியும் வெள்ளை உப்புக் கறைக்கு அமிலம் வேண்டும், அங்கே வினிகர். சிட்ரிக் அமிலத் தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் வாடை இல்லை, உலர்ந்த தூள் என்பதால் தண்ணீரைச் சுமந்து வரும் செலவும் இல்லை. பளிங்குக் கல்லில் மட்டும் இரண்டையும் படவிடாதீர்கள், மெருகு போய்விடும். அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் சமையல் சோடா. எண்ணெய்ப் பிசுக்குக்கு வாஷிங் சோடா, கையுறையோடு. அலுமினியப் பாத்திரத்தில் அதைப் போடக் கூடாது. சாதாரணப் பிசுக்கு என்றால் பாத்திரம் துலக்கும் சோப்பே போதும், இதில் வினிகர் அதை வெல்லாது. அப்புறம், வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ ப்ளீச்சோடு கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

துணி துவைக்கும் சோப்புத்தூளா, திரவமா, புதிதாக வந்திருக்கும் தாள் வடிவமா? அட்டைப் பெட்டியில் வரும் தூள் என் தேர்வு. தாளிலும், அப்படியே இயந்திரத்தில் போடும் சிறு பொட்டலங்களிலும் இருக்கும் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக் வகை தண்ணீரில் கரைவது உண்மைதான், கரைந்த பிறகு அது முழுதாகச் சிதைகிறதா என்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இந்தத் தேர்வைவிடப் பெரிய விஷயம் இயந்திரத்தின் வெப்பநிலைத் திருகுதான். வெந்நீரில் துவைக்கும்போது செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. எந்தச் சோப்பு போட்டாலும் குளிர்ந்த நீரில் துவைத்தால் அதுவே பெரிய மிச்சம். குளிர்ந்த நீரில் தூள் கரையாமல் திட்டுத்திட்டாக ஒட்டினால் முதலில் ஒரு குவளை நீரில் கரைத்து ஊற்றுங்கள்.

மூங்கில் என்று எழுதியிருந்தாலே கையை நீட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மூங்கில் பல்துலக்கியின் கைப்பிடி மக்கும், தூரிகை பெரும்பாலும் நைலான், அதைப் பிடுங்கிய பிறகுதான் உரக்குழிக்குப் போட முடியும். அது சின்ன விஷயம். மூங்கில் கோப்பை அப்படியில்லை. மூங்கில் தூளை மெலமைன் என்ற பிளாஸ்டிக் பிசினில் கலந்து வார்த்த கோப்பைகளில் சூடான பானம் ஊற்றினால் மெலமைனும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருளும் கசியக்கூடும். உணவு படும் பிளாஸ்டிக்கில் மூங்கில் தூள் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் இருக்கும்போது இது எதற்கு?

‘மக்கும்’ முத்திரை போட்ட பைகளும் இதே ரகம். அவற்றில் பலவற்றில் உள்ள பாலிலாக்டிக் அமிலம் என்ற தாவரவழிப் பிளாஸ்டிக் சிதைய 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வேண்டும். தொழிற்சாலை அளவிலான உரக்கிடங்கில் அது இருக்கும், வீட்டு உரத்தொட்டியில் நீடித்து இருக்காது. உங்கள் பகுதியில் அப்படிப்பட்ட கிடங்குக்குக் குப்பை போகிறதா என்று விசாரிக்காமல் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பேட்டரியில் விஷயம் எளிது. விளையாட்டுப் பொருள், டார்ச், கேமரா போன்ற அடிக்கடி மாற்ற வேண்டியவற்றுக்கு மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி. சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதாரண ஆல்கலைன் போதும். ஒன்றைப் போட்டால் ஒரு வருடம் ஓடும் இடத்தில் நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி வைத்தால், அதன் விலை திரும்பவே திரும்பாது.

கடைசியாக, குழாய் முனையில் திருகும் காற்றுக்கலப்பு வடிகட்டி (ஏரேட்டர்). நிமிடத்துக்கு 8 லிட்டருக்கு மேல் கொட்டும் குழாயை 6 லிட்டருக்கும் கீழே இறக்கிவிடும். விலை மிகக் குறைவு, மாட்டுவதற்கு ஆள் கூப்பிட வேண்டாம். கை கழுவும் குழாயிலும் பாத்திரம் அலசும் குழாயிலும் போடுங்கள். வாளி நிரப்பும் குழாயில் வேண்டாம், வாளிக்குத் தேவைப்படும் தண்ணீர் அதேதான், நிரம்பும் நேரம்தான் கூடும்.