குளுக்கோமீட்டருடன் ஆறு ஆண்டுகள்: சாப்பிடாமலே ஏறிய சீனி

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்கும் தண்ணீர்க் கூசாவுக்கும் நடுவில், நீரிழிவு வந்த என் குருதியிலுள்ள சீனியை அளக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் குளுக்கோமீட்டர் ஒன்று 2018 ஆம் ஆண்டு ஆவணி மாதம் முதல் இருந்து வருகிறது. இந்த ஆறு ஆண்டுகளில் மூன்று முறை பற்றரி மாற்றியிருக்கிறேன். விரலில் குத்திய குருதித் துளியை ஏந்தும் சோதனைப் பட்டைகள் 1,200 வரை முடிந்திருக்கும். புதிதாக வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அது சரியாகக் காட்டுமா? சரியாகத்தான் காட்டுகிறது. எதைக் காட்டுகிறது என்று விளங்கிக்கொள்ளத்தான் எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

வாங்கிய இரண்டாம் வாரத்திலேயே கருவி பழுது என்று முடிவு கட்டிவிட்டேன். இரவு பத்து மணிக்கு டெசிலீற்றருக்கு 134 மில்லிகிராம் காட்டியது, நான் தூங்கி எழுந்து, பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படாத நிலையில், காலை ஆறு மணிக்கு 158 காட்டியது. நள்ளிரவில் எழும்பித் தொதல் டப்பாவைத் திறந்திருப்பேன் என்பது மனைவியின் தீர்ப்பு. கருவியைப் பாமசிக்கு எடுத்துச் சென்றபோது, அங்கிருந்த பொடியன் சீனியின் அளவு தெரிந்த சோதனைத் திரவத்தில் ஒரு துளியைப் பட்டையில் இட்டு, போத்தலில் அச்சிட்டிருந்த எல்லைக்குள்ளேயே எண் விழுவதைக் காட்டி, "சேர், மெசினில பிழையில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவனுடைய சொல்லை நம்பாமல் பதினான்கு நாட்கள் இரவும் காலையும் அளந்து கொப்பியில் எழுதினேன். கருவியின் தவறென்றால் சில நாள் கூடியும் சில நாள் குறைந்தும் இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு நாட்கள் காலை எண்ணே கூடியிருந்தது.

வெட்கத்துடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகள் சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். குருதியில் குளுக்கோஸ் கூடினால் சதையியின் பீற்றாக் கலங்கள் இன்சுலினைச் சுரக்கும், குறைந்தால் அல்பாக் கலங்கள் குளுக்ககனைச் சுரக்கும் என்று தராசு போன்ற ஒரு படத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அந்தப் படத்தில் சீனி வருவதற்கு வாய் என்ற ஒரே வழியைத்தான் நான் காட்டியிருந்தேன். ஈரலுக்கு ஒரு பெட்டி போட்டு, "கிளைக்கோஜன் சேமிப்பு" என்று எழுதியதோடு சரி. அந்தப் பெட்டியின் கதவு இரவு முழுவதும் திறந்திருக்கிறது என்பதை நானே யோசித்ததில்லை.

கணக்குப் பார்த்தால் விடயம் எளிது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி இருக்கிறது. டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராம் என்றால், குருதி முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் நான்கரைக் கிராம்தான். ஒரு தேக்கரண்டிச் சீனி! மூளையோ ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் கேட்கிறது, தூங்கும்போதும் கேட்கிறது. ஆகவே ஈரல் வெறும் வயிற்றில் மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் குளுக்கோஸைக் குருதிக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. தன்னிடமுள்ள சுமார் 100 கிராம் கிளைக்கோஜனை, அதாவது சேமித்து வைத்த குளுக்கோஸை, உடைத்து ஒரு பங்கை விடுகிறது; அமினோ அமிலம், இலற்றேற்று, கிளிசரோல் ஆகியவற்றிலிருந்து புதிதாகச் செய்து இன்னொரு பங்கை விடுகிறது. விடியற்காலையில் கோட்டிசோல், வளர்ச்சி ஓமோன் ஆகியவை கூடும்போது ஈரல் இன்னும் தாராளமாகிறது. நோயில்லாதவரின் சதையி அந்நேரம் கொஞ்சம் இன்சுலினைக் கூட்டி, "போதும், நிறுத்து" என்று ஈரலுக்குச் சொல்லிவிடும். என்னைப் போன்றவரிடத்தில் இன்சுலினின் அந்தச் சொல் ஈரலின் காதில் சரியாக விழுவதில்லை. ஈரலைச் சீனி விடச் சொல்லும் குளுக்ககனும் அடங்க வேண்டிய அளவுக்கு அடங்குவதில்லை.

கிளினிக்கில் கொப்பியைக் காட்டியபோது வைத்தியர் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கும் அளந்து வரச் சொன்னார். இரவில் சீனி மிகவும் இறங்கி, அதற்கு எதிர்வினையாக விடியலில் ஏறுகிறதா, இல்லை, இறங்காமலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மணிக்கூட்டில் அலாரம் வைத்து எழும்பி அளந்தேன்: 131. இறங்கவில்லை. அதன் பின்னர் மெற்போமின் குளுசையின் இரவு அளவைக் கூட்டினார். அந்தக் குளுசையின் முதன்மையான வேலையே ஈரல் குளுக்கோஸ் செய்வதைக் குறைப்பதுதான் என்பதால், இரண்டு மாதத்தில் காலை எண்கள் 120களுக்கு இறங்கின. இரவுச் சோற்றைப் பாதியாக்கியும் அதற்கு முன் அவை அசையவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் அம்மாவின் காலத்தை நினைத்தால் இந்தக் கருவியின் அருமை தெரியும். அவருக்குச் சலரோகம் (நீரிழிவு) என்று சொன்ன 1970களில், சோதனைக் குழாயில் நீல நிறப் பெனடிக்ற் கரைசலை எடுத்து, எட்டுத் துளி சிறுநீர் விட்டு, கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள். பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறுவதை வைத்து அளவைச் சொல்வார்கள். ஆனால் குருதியில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும் வரை சிறுநீரகம் குளுக்கோஸை மீள உறிஞ்சி எடுத்துவிடும். அதற்குக் கீழே என்ன நடந்தாலும் குழாய் நீலமாகவே இருக்கும். 160 உடன் ஆண்டுக் கணக்காக இருந்த ஒருவருக்கு அந்தக் காலத்தில் நோயே இல்லை.

துல்லியத்துக்கு வருவோம். 2019 இல் ஆய்வுகூடத்தில் வெறும் வயிற்றில் குருதி கொடுத்த அதே நிமிடம் விரலையும் குத்தி அளந்தேன். அங்கே 138, என்னுடையதில் 147. ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேச நியமம், 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவீடுகளில் 95 சதவீதமானவை ஆய்வுகூட அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் அமைய வேண்டும் என்கிறது. அதாவது உண்மையில் 140 ஆக இருப்பது 119 என்றோ 161 என்றோ காட்டப்பட்டாலும் கருவி நியமத்துக்கு உட்பட்டதே. ஒரு தனி எண்ணுக்காக மகிழ்வதையும் பட்டினி கிடப்பதையும் நான் அன்றோடு விட்டேன். ஒப்பிட விரும்புவோர் வெறும் வயிற்றிலேயே ஒப்பிட வேண்டும். சாப்பிட்ட பின் விரல் நுனிக் குருதியில் குளுக்கோஸ் கூடுதலாக இருக்கும். ஆய்வுகூடத்தில் குருதி எடுக்கும் நாளத்தில் ஓடுவது தசைகள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட மிச்சம்.

அலகு வேறு ஒரு வில்லங்கம். கனடாவில் இருக்கும் தங்கையின் மகன் தொலைபேசியில் "மாமா, எனக்கு 8.4" என்றபோது, அவனுக்கு நோயே இல்லையென்று நினைத்து ஆறுதலடைந்தேன். அங்கே லீற்றருக்கு மில்லிமோல் கணக்கு. 18 ஆல் பெருக்கினால் நம் கணக்கில் 151. அவன் அனுப்பிய கருவி இன்றும் லாச்சியில்தான் கிடக்கிறது. அதற்குரிய பட்டை மட்டக்களப்பில் எனக்குக் கிடைக்கவில்லை.

குறைகள் என்று நான் எழுதக்கூடியவை பெரும்பாலும் என் கையின் குறைகளே. ஒரு மத்தியானம் எருமைத் தயிரும் பாணியும் சாப்பிட்ட மனைவியின் சீனியை அளந்தபோது 268 வந்து வீடே கலங்கியது. சவர்க்காரம் போட்டுக் கைகழுவித் துடைத்து மறுபடி குத்தியதில் 171. விரலில் ஒட்டியிருந்த பாணியைத்தான் கருவி உண்மையாக அளந்திருக்கிறது. மாம்பழம் வெட்டிய கைக்கும் இதே கதி. அடுத்தது ஈரம். பட்டையின் நுனியில் குளுக்கோஸை ஒட்சியேற்றும் நொதியம் உலர்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கிறது. காற்றின் ஈரம் பட்டால் அது கெடும். 2019 மார்கழி அடைமழையில் யன்னலோரம் மூடி திறந்தபடி கிடந்த போத்தலில் மிஞ்சிய முப்பது பட்டைகளையும் எறிய வேண்டியதாயிற்று, ஏனென்றால் அடுத்தடுத்து எடுத்த மூன்று பட்டைகள் ஒரே விரலில் மூன்று விதமாகப் பேசின. பங்குனி, சித்திரை வெயிலில் முச்சக்கர வண்டிக்குள் வைத்து விட்டாலும் இதே நட்டம்தான். பெரும்பாலான பட்டைகள் 30 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாதவை, நம் ஊரில் அந்த எல்லை முற்பகலிலேயே வந்துவிடும்.

பணம் கொடுத்ததற்குப் பயன் எதில் கிடைத்தது என்று கேட்டால், சாப்பாட்டுக்குப் பிந்திய அளவீடுகளில் என்பேன். ஒரு கோப்பைச் சோற்றில், 200 கிராம் என்று வைத்தால், ஏறத்தாழ 55 கிராம் மாப்பொருள் இருக்கிறது. அது முழுவதும் குளுக்கோஸாகி, குருதியில் இருப்பதைப் போல் பன்னிரண்டு மடங்கு, சில மணி நேரத்தில் வந்து சேர்கிறது. அப்படியும் ஆரோக்கியமான உடலில் எண் பெரும்பாலும் 140 ஐத் தாண்டாமல் இருப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. வருவதில் பெரும் பங்கை ஏந்துவது தசை. எட்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு நாற்காலியில் இருந்தால் இரண்டு மணி நேரத்தின் பின் எனக்கு 214. மீனையும் கீரையையும் முதலில் முடித்து, பிறகு அதே எட்டு இடியப்பத்தைத் தின்றால் 181. வயிறு மெதுவாக வெறுமையாகிறது, குடலிலிருந்து ஜீஎல்பி-1 என்ற ஓமோன் சதையிக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்கிறது. தின்ற கையோடு பழைய கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்றில் இருபது நிமிடம் நடந்த நாட்களில் 160 அளவில் நின்றிருக்கிறது. இன்சுலின் வந்து தட்டினால் தசைக் கலத்தின் மேற்பரப்புக்கு வரும் குளுட் 4 என்ற கடத்திப் புரதம், தசை சுருங்கும்போது இன்சுலினின் உதவியில்லாமலும் மேலே வருகிறது. இன்சுலினுக்குக் காது கொடுக்காத உடலிலும் இந்தப் பின்கதவு திறந்திருக்கிறது. சிவப்பரிசிக்கு மாறியதில் நான் எதிர்பார்த்த அளவு மாற்றத்தைக் காணவில்லை; எங்கள் வீட்டில் சிவப்பரிசி என்றவுடன் அளவு கூடிவிட்டது என்பதும் காரணமாக இருக்கலாம்.

ஒரு முறை இந்தக் கருவி என்னைக் காப்பாற்றியது. அப்போது கிளிக்கிளசைட் குளுசையும் போட்டுக்கொண்டிருந்தேன். அது சாப்பாடு வந்ததோ வராததோ, சதையியை இன்சுலின் சுரக்க வைக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போய், குளுசையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன். பதினொரு மணியளவில் வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தது, அதிறினலின் வேலை. வெயில் என்றே சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். பையிலிருந்து எடுத்து அளந்தால் 58. மூன்று தேக்கரண்டிச் சீனி, ஏறக்குறைய 15 கிராம், போட்ட பிளேன்ரீயைக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து அளந்தபோது 84. அதன் பிறகே சோறு. அடுத்த கிளினிக்கில் அந்தக் குளுசையைப் பாதியாக்கினார்கள். இவ்வகைக் குளுசை போடுபவரோ இன்சுலின் ஊசி போடுபவரோ கருவி வாங்குவதில் யோசிக்க எதுவுமில்லை. மெற்போமின் மட்டும் போடுபவருக்கு, எண் நிலையாக இருக்கிறதென்றால், கிழமைக்கு ஓரிரு முறை போதும் என்பது என் எண்ணம். நாளுக்கு நான்கு முறை குத்திக்கொண்டு முகம் வாடும் ஒருவரை எனக்குத் தெரியும்.

காய்ச்சலில் படுத்த வாரம் பழைய புதிர் திரும்பி வந்தது. கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்காதபோது 240. இம்முறை பாமசிக்கு ஓடவில்லை. உடல் நோயோடு போராடும்போது கோட்டிசோலும் அதிறினலினும் ஈரலின் கதவை அகலத் திறந்துவிடுகின்றன என்று தெரிந்திருந்தது. குளுசையை நானாக நிறுத்தாமல், எண்களோடு வைத்தியரிடம் போனேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்யும் எச்பிஏ1சி சோதனையைக் கருவி ஈடுசெய்யாது. செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அவற்றில் ஒட்டிய குளுக்கோஸ் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும். நான் தூங்கிய மணிகளும் அதில் அடக்கம். என்னுடையது 2018 இல் 8.1 சதவீதமாக இருந்து இப்போது 6.9 இல் நிற்கிறது.

வாங்குவோருக்குக் கடைசியாக. கருவியின் விலையைப் பார்க்க வேண்டாம், பட்டையின் விலையைப் பாருங்கள். 2022 இல் ரூபாய் விழுந்தபோது ஒரு பெட்டிப் பட்டை ஏறக்குறைய இரு மடங்கு விலைக்குப் போனது, சில மாதங்கள் காசு கொடுத்தும் கிடைக்கவில்லை. அப்போது கிழமைக்கு இரண்டாகக் குறைத்து, ஒன்றைக் காலையிலும் ஒன்றைச் சோற்றுக்குப் பின்னும் வைத்துக்கொண்டேன். உங்கள் ஊர்ப் பாமசிகளில் இரண்டிலாவது கிடைக்கும் பட்டைக்குரிய கருவியையே எடுங்கள். ஐம்பது பட்டைப் போத்தலைத் திறந்தால் மூன்று மாதமோ ஆறு மாதமோதான் தவணை, போத்தலிலேயே அச்சிட்டிருக்கும். திறந்த திகதியை மூடியில் எழுதுங்கள். விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் மறுநாள் சோறு பிசையும்போது எரியாது.