பழைய ஸ்விஃப்டுக்கு எந்த மஃப்ளர்?

என் 2012 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்டின் மஃப்ளர், அதாவது புகைக் குழாயின் கடைசியில் சத்தத்தை அடக்குகிற டப்பா, போன ஐப்பசி மழையில் கைவிட்டுவிட்டது. குனிந்து பார்த்தால், அடித்தையலில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. வெளியே பிடித்த துரு இல்லை, உள்ளிருந்து அரித்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கிற காரில், பைப் சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். தண்ணீர் டப்பாவிலேயே தேங்கிவிடுகிறது.

காரில் ஏற்கெனவே 4-2-1 ஹெடரும் (எஞ்சினின் நான்கு புகை வாய்களை இரண்டாக, பிறகு ஒன்றாகச் சேர்க்கும் குழாய்) அதிலிருந்து 2 இன்ச் பைப்பும் போட்டிருக்கிறேன். 1.2 லிட்டர், 85 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது போதும். "2.5 இன்ச் போட்டுடலாம் சார், வண்டி பறக்கும்" என்று சொல்லாத கடை கிடையாது. 2 இன்ச்சிலிருந்து 2.5-க்குப் போனால் பைப்பின் குறுக்குப் பரப்பு 56 சதவீதம் கூடுகிறது. இவ்வளவு சின்ன எஞ்சின் விடுகிற புகை அதில் வேகமிழந்து சோம்பிவிடும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இரண்டாவது கியரில் இழுக்கும்போது அந்த மந்தம் தெரியும். இதைத்தான் பலர் 'பேக் பிரஷர் வேணும்', புகைக்கு எதிர் அழுத்தம் வேண்டும் என்கிறார்கள். வேண்டியது அடைப்பு இல்லை, புகையின் வேகம்.

மஃப்ளரை மட்டும் மாற்றி இந்த எஞ்சினில் ஒன்றிரண்டு குதிரை கிடைத்தாலே அதிகம். ஆகவே பவரை மறந்துவிட்டு, எந்தச் சத்தத்தோடு ஆறு மணி நேரம் உட்கார முடியும் என்று பார்ப்பதுதான் சரி.

முதலில் கம்பெனி டப்பா. உள்ளே புகை போய்த் திரும்பி மறுபடி போகும்படி அறைகளும் துளைக் குழாய்களும் இருக்கும். சத்தம் இல்லை, போலீஸ் இல்லை, மாமனார் முகம் சுளிப்பதும் இல்லை. குறை ஒன்றுதான்: அதன் வாய் என் பைப்பைவிடச் சிறியது, ஹெடர் போட்ட செலவு அங்கே வந்து முட்டி நிற்கும். சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். அடுத்தவர் காரின் துருவைக் காசு கொடுத்து வாங்குவது அது.

இரண்டாவது, அறை வகை. அமெரிக்காவின் ஃப்ளோமாஸ்டர் கம்பெனி பேர் வாங்கியது இதில்தான். உள்ளே சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு கிடையாது, தடுப்புத் தகடுகள் மட்டும். ஒலி அலைகள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பஞ்சு இல்லாததால் எரிந்துபோக எதுவும் இல்லை, பல வருடம் உழைக்கும். ஆனால் அந்த உறுமல் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி8 எஞ்சினுக்குப் பொருந்தியது. நான்கு சிலிண்டர் 1.2-வில் கேட்டால், தகர டின்னில் கூழாங்கல் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு ஒத்துவரவில்லை.

மூன்றாவது, நேர்வழி வகை. மேக்னாஃப்ளோ, எச்.கே.எஸ். ஹை-பவர் எல்லாம் இந்த ஜாதி. ஒரு பக்கம் டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். துளையிட்ட குழாயைச் சுற்றிப் பஞ்சு, அவ்வளவுதான். புகைக்குத் தடையே இல்லை. காசைத் தீர்மானிப்பது அந்தப் பஞ்சு. நல்ல தயாரிப்பில் குழாயை ஒட்டி ஸ்டீல் கம்பளியைச் சுற்றி, அதன் மேல் கண்ணாடிப் பஞ்சை இறுக்கித் திணித்திருப்பார்கள். உள்ளூர் மலிவுச் சரக்கில் வெறும் கண்ணாடிப் பஞ்சு, அதுவும் தளர்வாக. நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை மாட்டினார். முதல் மாதம் கேட்கவே இனிமை. ஒரு வருடத்தில் டெயில் பைப்பின் நுனியில் வெள்ளை நூல் மாதிரி ஒட்டியிருந்தது. பஞ்சு பறந்து வெளியே வந்துகொண்டிருந்தது. விரல் முட்டியால் டப்பாவைத் தட்டினால் 'தொம்' என்று அமுங்க வேண்டிய இடத்தில் 'டங்' என்றது. வாங்கும்போதே இப்படித் தட்டிப் பாருங்கள்.

நேர்வழியின் பெரிய தொல்லை இரைச்சல்கூட இல்லை, ரீங்காரம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. ஐந்தாவது கியரில் நூறைத் தொட்டால் 3,000 ஆர்.பி.எம்.-ஐ ஒட்டி ஓடும். அதாவது நொடிக்கு 100 அதிர்வு. டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே சுவர் இல்லாத ஹேட்ச்பேக்கில் அது மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்னையிலிருந்து திருச்சி வரை நண்பரோடு அந்தக் காரில் போனேன். விழுப்புரம் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டோம். முட்டுக் குழாய் ஒன்றை, அதாவது மறுமுனை அடைத்த கிளைக் குழாயை, பைப்பில் வெல்டு வைத்து இதைக் கொல்லலாம்தான். ஆனால் 100 அதிர்வுக்கு அது சுமார் 1.2 மீட்டர் நீளம் வேண்டும். ஸ்விஃப்டின் வயிற்றில் அதற்கு எங்கே இடம்?

நான்காவது, கடைக்காரர்கள் 'டர்போ' என்கிற எஸ் வளைவு வகை. 1960-களில் செவர்லே கோர்வேர் டர்போ காரில் வந்த மஃப்ளரை மற்ற கார்க்காரர்கள் எடுத்து மாட்டியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. உங்கள் காரில் டர்போ இருக்க வேண்டியதில்லை. புகை எஸ் மாதிரி வளைந்து போகும், சுற்றிலும் கொஞ்சம் பஞ்சு. நேர்வழியைவிடக் கொஞ்சம் தடை, கம்பெனி டப்பாவைவிடத் தாராளம். எடைதான் கூடுதல், டப்பாவைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர் புதிதாக இருக்கட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒலி வரம்பை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-ன்படி முதல் தடவைக்கே ரூ. 10,000 வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதத்துக்கு இல்லை. நேர்வழி டப்பா போட்டவர்கள் செக்போஸ்ட்டில் ஆக்சிலரேட்டரைக் கோழி இறகு மாதிரி தொடுவது இதனால்தான்.

நான் எஸ் வகையையே எடுத்தேன், 304 ஸ்டெயின்லெஸ்ஸில். கடைக்காரர் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டினார். மலிவான 202 ரக ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்.

மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்ததும் டப்பாவின் அடியில் இருந்த குண்டூசித் துளையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "லீக் ஆகுது சார், ஒரு பொட்டு வெல்டு வெச்சு அடைச்சிடவா?" என்று பையன் ராடை எடுத்தான். "வேண்டாம் தம்பி, அது தண்ணி போறதுக்குத்தான்" என்று கையைப் பிடித்துத் தடுத்தேன்.