தசரதனா, ராமனா: வினை யாரை விட்டது?

திருப்புல்லாணியில் தசரதன் பிள்ளை வரம் கேட்டு வணங்கியதாகச் சொல்வார்கள். பாயசப் பிரசாதத்தைக் குடித்துவிட்டு ராமேஸ்வரம் பஸ் ஏறினால் அப்பன் கதையிலிருந்து மகன் கதைக்கு வந்துவிடலாம்.

சரயு நதியில் குடம் நிறையும் சத்தத்தை யானை தண்ணீர் குடிப்பதாக நினைத்து அம்பு விட்டான் தசரதன். செத்தது கண் தெரியாத பெற்றோரின் பிள்ளை. தெரியாமல் செய்ததுதான்; ஆனாலும் 'நீயும் புத்திர சோகத்தில் சாவாய்' என்ற சாபம் அவனை விடவில்லை. (பிள்ளை இல்லாதவனுக்கு அதுவே பாதி வரம்!)

ராமனோ ராவணனைத் தெரிந்தே கொன்றான். பிராமணனைக் கொன்றதால் வந்த பிரம்மஹத்தி தோஷம், சீதை பிடித்த மணல் லிங்கத்தை வணங்கியதும் தீர்ந்தது என்கிறது தலபுராணம்.

22 தீர்த்தமும் ஆடி, ஈர வேட்டியோடு பிரகாரத்தில் நடுங்கியபோது எனக்கு அப்பன் கதைதான் நம்பும்படி இருந்தது. அப்புறம் யோசித்தால், ராமனோடும் சீதை கடைசிவரை இருக்கவில்லையே.