வண்ணார்பேட்டை போல்ட் கடை: என்ஜின் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு கார் பட்டறை வைத்திருக்கிறேன். என்ஜினை இறக்கிக் கட்டும் வேலைதான் அதிகம் வரும். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கம்பெனி பெயரைச் சொல்லி வாங்கிவிடலாம். நல்ல போல்ட் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டைக்குப் போகும் வழியில் உள்ள இந்தக் கடையில் எனக்கு அந்தப் பாடு தீர்ந்தது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்திருக்கும். போல்ட் கடை என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே வழி காட்டுவார்கள்.

கடைக்கார அண்ணாச்சி அளவை மட்டும் கேட்டு எதையும் எடுத்துத் தரமாட்டார். "எந்த இடத்துக்கு அண்ணாச்சி?" என்பதுதான் முதல் கேள்வி. என்ஜின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான ஆயில் சம்புக்கு என்றால் 8.8 போதும் என்பார். என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலுக்கு என்றால் 10.9-க்குக் கீழே கையே வைக்கமாட்டார். போல்ட் தலையில் பொறித்திருக்கும் இந்த எண்களைப் பலரும் பார்ப்பதே இல்லை. 10.9 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ இழுவையைத் தாங்கும். அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்கு வந்துவிடும். 8.8 என்றால் 80 கிலோ, அதில் பத்தில் எட்டுப் பங்கு. எண்ணே இல்லாத மொட்டைத் தலை போல்ட்டுகள் வாசலில் தட்டு நிறையக் கிடக்கும். அவை இரும்புக் கேட்டுக்கும் தகரக் கொட்டகைக்கும் உள்ளவை. என்ஜினுக்கு என்று அதிலிருந்து ஒன்றை எடுத்தால் உங்கள் கையிலிருந்து வாங்கித் திரும்பப் போட்டுவிடுவார். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை வேலை பார்ப்பவர்களும் இங்கேதான் வாங்குகிறார்கள் என்பதால் உயர்தரச் சரக்குக்குப் பஞ்சமில்லை. டி.வி.எஸ்., அன்பிராக்கோ கம்பெனிப் பெட்டிகள் பிரிக்காமல் அடுக்கியிருக்கும். உங்கள் முன்னால்தான் பிரிப்பார். வேறொரு கடையில் 10.9 என்று பொறித்து விற்ற போல்ட் ஒன்று, டார்க், அதாவது முறுக்கு விசையை, அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் சொன்ன அளவை எட்டும் முன்பே என் கையில் தலை முறிந்தது. அதனால் இந்தப் பிரிக்காத பெட்டிக்கு நான் கூடுதல் காசு கொடுக்கத் தயங்குவதில்லை.

பழைய போல்ட்டை அவர் பார்க்கிற பார்வைக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். உவரியிலிருந்து வந்த ஒரு டீசல் காரின் ஹெட் போல்ட்டுகளை, அதாவது என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை அடியிலுள்ள பிளாக்கோடு பிடிப்பவற்றை, கொண்டுபோயிருந்தேன். ஒன்றை எடுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். புது நட் ஒன்றை இரண்டு விரலால் நுனியிலிருந்து ஓட்டினார். பாதி மரை வரை வழுக்கிக்கொண்டு போன நட் அங்கே இறுகி நின்றுவிட்டது. பிறகு அதே அளவில் புது போல்ட் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து, மரையோடு மரையைப் பொருத்தி, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார். நுனிப் பக்கம் இரண்டும் ஒட்டி நின்றன. நட் நின்ற இடத்தில் மரைகள் விலகி, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்தபோது அந்த இடத்தில் மட்டும் போல்ட் மெலிந்திருந்தது. "இழுபட்டுவிட்டது அண்ணாச்சி, இனி ஆகாது." மற்ற போல்ட்டுகள் புதிது போலவே இருந்தும் அவற்றையும் ஒதுக்கச் சொன்னார். அந்த என்ஜினுக்கு முதலில் குறிப்பிட்ட டார்க், அதன்பின் இத்தனை டிகிரி திருப்பு என்றுதான் கம்பெனிப் புத்தகம் சொல்கிறது. அப்படி முறுக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் திரும்ப முடியாத அளவுக்கு நீண்டுவிடுபவை. மறுபடி போடலாம் என்று புத்தகமே நீள வரம்பு கொடுத்திருந்தாலொழிய, முழு செட்டையும் மாற்றுவதுதான் முறை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் போல்ட் ஒன்றில் கடல் காற்று அரித்த புள்ளி இருந்தது. நகத்தை வைத்தால் இடறும், அவ்வளவுதான். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும் என்பதால் அதையும் குப்பையில் போட்டோம்.

அதே கையோடு, டைமிங் கவர், சம்பு, பிராக்கெட் போல்ட்டுகளையெல்லாம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள், புதிது எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். விற்கிறவர் இப்படிச் சொல்வது அபூர்வம். மரை கெடாதவரை அவற்றை மாற்றத் தேவையில்லை என்பதுதான் என் கருத்தும். பழைய 1489 சி.சி. அம்பாசிடர் என்ஜினில் ஹெட்டைப் பிடிப்பது ஸ்டட்டும் (தலையில்லாமல் இரு முனையிலும் மரை உள்ள தண்டு) நட்டும். நீளாமல், அரிக்காமல் இருந்தால் அதே ஸ்டட் மறுபடியும் உழைக்கும்.

அம்பாசிடர்காரர்களுக்கு இன்னொன்று. அந்த என்ஜினில் அங்குல அளவு, யு.என்.எஃப். என்ற நெருக்கமான மரைதான் பெரும்பாலும். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் எம் 8 போல்ட்டை அதன் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 13 ஸ்பானரும் அரை அங்குலத் தலையில் ஏறக்குறைய உட்கார்ந்துவிடும். ஆனால் மரையின் இடைவெளி அங்குல போல்ட்டில் 1.06 மில்லிமீட்டர், எம் 8-ல் 1.25. ஒரு சுற்று ஏறிவிட்டு இறுகும். எண்ணெய் விட்டு அழுத்தித் திருகினால் பிளாக்கின் மரை போய்விடும். மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்க்காமல் அண்ணாச்சி இந்த அளவுகளைத் தருவதே இல்லை.

பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஸ்டெயின்லெஸ் கேட்டு வருகிறவர்களிடம் அவர் சண்டை போடாத குறைதான். ஏ2-70 என்ற ரக ஸ்டெயின்லெஸ் 70 கிலோ கணக்குத்தான், 8.8-ஐவிடக் குறைவு. அதை ராட்டிலும் ஃப்ளைவீலிலும் போடக் கேட்பவரை என்ன சொல்வது?

குறைகளும் உண்டு. அங்குல அளவில் நீளமான போல்ட்டுகள் பல நேரம் இருக்காது. சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். ஹெட் போல்ட் செட்டும் ராட் போல்ட்டும் இங்கே கிடைக்காது, அவற்றைக் கம்பெனி உதிரிபாகக் கடையில்தான் வாங்க வேண்டும்; அதை அவரே சொல்லி அனுப்பிவிடுகிறார். வண்டி நிறுத்த இடமில்லை. காலையில் காற்றாலைக்காரர்கள் கூட்டம், எனவே மதியத்துக்கு மேல் போங்கள். கழற்றிய போல்ட்டுகளை எந்த இடத்தினது என்று எழுதித் தனித்தனிக் கவரில் கொண்டுபோனால் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்துத் தருவார்.